சொந்தப் பொறுப்பில்!

தலைநகருக்குப் படிக்க வந்த நம்மவர்க்கு இந்தி தெரியாதது ஒரு குறை. 'போகட்டும், விடு' என்னும் குணம் மற்றொரு குறை. முன்னது ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. பின்னதுதான் எளிதில் போவதில்லை.

சென்ற மார்கழியில் சித்தப்பாவை அவருடைய பழைய மாருதிக் காரில் அமர்த்தி, தெற்கு டில்லியில் ஒரு பேரங்காடிக்கு ஓட்டிச் சென்றேன். 40 ரூபாய் கொடுத்துச் சீட்டுப் பெற்று நிறுத்தினோம். வெளியேறும்போது, உயர்ந்து நின்ற தானியங்கித் தடுப்புக் கம்பம், கார் பாதி கடக்குமுன் சடாரென இறங்கி முன்கண்ணாடியைப் பிளந்தது, கூரையும் நசுங்கியது. நல்லவேளையாக எங்களுக்குக் காயமில்லை. பட்டறையில் 18,400 ரூபாய் என்றனர். ஓய்வூதியத்தில் வாழும் சித்தப்பாவுக்கு அது ஒரு மாத வீட்டுச் செலவு.

காவலாளி சுவரிலிருந்த பலகையைக் காட்டினான். 'வண்டிகள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்றிருந்தது. மேலாளரோ, முன்னே சென்ற வண்டியை நாங்கள் ஒட்டி வந்ததே காரணம் என்றார்.

"போகட்டும் விடப்பா, இவர்களோடு நமக்கென்ன மல்லுக்கட்டு?" என்றார் சித்தப்பா.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தகைய கம்பத்தின் கீழே, தரைக்கடியில் ஒரு கம்பிச் சுருளைப் புதைத்து வைப்பது வழக்கம். மேலே வண்டியின் உலோகம் இருக்குமட்டும் சுருள் அதை உணர்ந்து கம்பத்தை இறங்கவிடாது. ஒட்டி வந்தால் என்ன, விலகி வந்தால் என்ன? வண்டியின் தலையில் கம்பம் இறங்கிற்றென்றால் பழுது யாரிடம்?

'நிகழ்ச்சியே பேசும்' என்று சட்டத்தில் ஒரு நெறி உண்டு. பொருள் ஒருவர் ஆளுகையில் இருந்து, கவனக் குறைவில்லாமல் அப்படியொரு விபத்து நேராது என்றால், விளக்கம் சொல்ல வேண்டியவர் அவரே. நாம் பராத்தா தின்னப் போகிறோமே சாந்தினி சௌக், அங்கே நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருந்தது. 1951-இல் இடிந்து விழுந்து உயிர்ப்பலி கொண்டது. அந்தக் காரைக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகளே. கூண்டுக்கோ வயது 80! 1966-இல் உச்ச நீதிமன்றம் இந்நெறியைக் கொண்டே மாநகராட்சியைப் பொறுப்பாக்கிற்று.

பலகைக்கும் விடை உண்டு. டில்லி ஓட்டலொன்றில், ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் 1998-இல் களவு போயிற்று. 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, தன் கவனக் குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாதென்று 2019-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்றே படங்கள் எடுத்தேன். புகாரை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். வாயிற் காமிராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேட்டிருந்தேன். பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடுமாதலால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 'காப்பீட்டில் வாங்கிக் கொள்ளுங்களேன்' என்றார் மேலாளர். வாங்கலாம், ஆனால் விபத்தில்லா ஆண்டுகளுக்குக் கிடைத்துவந்த கட்டணச் சலுகை போய்விடும். அந்த நட்டம் மட்டும் யாருடையதாம்?

பிறகு பதிவுத் தபாலில் அறிவிப்பு: 15 நாளில் பணம் தருக, இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. நம்மை நுகர்வோராக்குவது அந்த 40 ரூபாய்ச் சீட்டுத்தான். பலர் அதை வாயிலிலேயே கசக்கி எறிகிறார்கள்!

பன்னிரண்டாம் நாள் அழைப்பு வந்தது. பட்டறைத் தொகையை முழுதும் தந்தனர். பத்து நாள் ஆட்டோவில் அலைந்த செலவு 1,900 ரூபாயைத் தரவில்லை. அதற்கும் எழுதியிருக்கிறேன். அறிவிப்பின் நகல் வேண்டும் நண்பர்கள் விடுதியில் என் அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம்.