ஒதுங்க ஓர் இடம்

மலையேற்றத்துக்குப் பெயர் கொடுக்கும் பெண்களில் அநேகமாக எல்லோருமே என்னைத் தனியாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். குளிர் எப்படி இருக்கும், எந்த ஷூ வாங்கலாம், சாப்பாடு என்ன கொடுப்பார்கள் என்பதையெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார்கள். இது மட்டும் கிளம்பும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். "அங்கே பாத்ரூமுக்கு என்ன பண்ணுவீங்க?" கடைசியில் கேட்டாலும் அவர்கள் மனசில் முதலில் இருப்பது இதுதான். பதில் தைரியம் கொடுக்கவில்லை என்றால் வரமாட்டார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வேறு காரணம் சொல்லி நின்றுவிடுவார்கள். ஒரு முகாமுக்கு யாரெல்லாம் வரமுடியும் என்பதை மலையின் உயரத்தைவிட, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு எழுப்பிய துணி மறைப்புதான் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உத்தரகாண்டில் கேதார்கந்தா, ஹர் கி தூன் மாதிரியான பாதைகளில் நடந்தவர்களுக்கு அந்த மறைப்பு பழக்கமானது. தங்கும் கூடாரங்கள் ஒரு பக்கம், சமையல் கூடாரம் ஒரு பக்கம் இருக்க, எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, குறுகலாக, ஆள் உயரத்துக்குமேல் நிற்பது டாய்லெட் டென்ட். ஜிப்பை இழுத்துத் திறந்தால் நடுவில் ஒரு குழி. பக்கத்தில் தோண்டியெடுத்த மண் குவிந்திருக்கும். அதில் சின்ன மண்வெட்டி ஒன்று செருகியிருக்கும். போனவர் மண்ணை அள்ளிக் குழியை மூடிவிட்டு வரவேண்டும். அடுத்தவருக்கு எதுவும் கண்ணில் படக்கூடாது. காய்ந்த மண் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நாற்றம் அடங்கிவிடும், ஈயும் மொய்க்காது. இங்கிலாந்தில் ஹென்றி மூல் என்ற பாதிரியார் 1860ல் காப்புரிமை வாங்கிய மண் கழிப்பறையும் இதே வழியில்தான் வேலை செய்தது. தண்ணீர் ஊற்றினால்தான் சுத்தம் என்று பழகிய நமக்கு முதல் நாள் மனசு ஒப்பாது. கழுவிக்கொள்ள ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் போதும். குழி சேறாகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

குழிக்கு இடம் பார்ப்பதில் கவனம் வேண்டும். ஓடை, ஊற்று எதுவானாலும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். முகாமுக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேட்டுப் பக்கமாக அமைந்துவிடக்கூடாது. காற்று முகாமிலிருந்து அந்தப் பக்கம் வீசவேண்டும். கதவு முகாமைப் பார்த்துத் திறக்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்து, இறுகிப்போன மண்ணைக் கொத்தி, காலையில் மறுபடி மூடிவிட்டு வருகிறவர்கள் மலையடிவார ஊர்ப் பையன்கள். இந்த வேலை நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் சுமத்தப்பட்டது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள் மண்ணைப் போடாமல் வெளியே வரமாட்டார்கள்.

மறைப்பு சரியாக இல்லாத முகாமில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உயரமான இடங்களில் மூச்சு வழியாகவே உடம்பின் ஈரம் வற்றும் என்பதால் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கச் சொல்லி வழிகாட்டிகள் கெஞ்சுவார்கள். இவர்கள் டீயைக்கூட வேண்டாம் என்பார்கள். குளிரிலும் உயரத்திலும் சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாகப் பிரியும். மலை நோய்க்கு முன்னெச்சரிக்கையாக டயமாக்ஸ் மாத்திரை போட்டிருந்தால் இன்னும் அதிகம். குடிக்காமலும் அடக்கியும் நாளைக் கடத்தினால் மாலையில் தலைவலி, குமட்டல், அசதி எல்லாம் வரும். மலை நோயும் அதே அறிகுறிகளோடுதான் தொடங்கும் என்பதால் எது தண்ணீர்க் குறைவு, எது உயரத்தின் பாதிப்பு என்று வழிகாட்டிக்குப் பிரித்தறிய முடியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளக்கூடாதா" என்று சுலபமாகக் கேட்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

காரிலேயே போய்த் தங்கும் முகாம்களுக்கு இப்போது மடக்குக் கூடாரங்கள் வந்துவிட்டன. நாலடிக்கு நாலடி தரை, ஆறடிக்கு மேல் உயரம். துணியின் விளிம்புக்குள் வளையும் உருக்குக் கம்பி தைக்கப்பட்டிருக்கும். உறையிலிருந்து எடுத்து விட்ட மாத்திரத்தில் அது தானாக விரிந்து நிற்கும். விரிப்பது சுலபம், மடக்குவதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். நாலு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக்கி, மேல் முனையைத் தரைப் பக்கம் வளைத்து, கம்பியை எட்டு வடிவத்தில் முறுக்கினால் அது வட்டங்களாகச் சுருண்டு உறைக்குள் போய்விடும். மெல்லிய துணியும் அதிக உயரமும் சேர்ந்திருப்பதால் காற்றுக்கு எளிதில் சாயும். நாலு மூலையிலும் முளையடித்து, மேலிருந்தும் கயிறு இழுத்துக் கட்டவேண்டும். பாறைத் தரையாக இருந்தால் கயிற்றைக் கனமான கற்களில் சுற்றிவிடலாம்.

குளிப்பதற்கும் இதே கூடாரம் போதும். 20 லிட்டர் பிடிக்கும் கறுப்பு நிறத் தண்ணீர்ப் பையை வெயிலில் போட்டுவைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். பை நிறைந்தால் 20 கிலோ. கூடாரத்தின் கம்பி அந்தக் கனத்தைத் தாங்காது. அதனால் முதலில் நல்ல மரக்கிளையில் பையைத் தொங்கவிட்டு, அதற்கு நேர்கீழே கூடாரத்தை நிறுத்துவதுதான் முறை. காலடியில் பலகையோ பரப்பிய கூழாங்கல்லோ இருந்தால் சேறு ஒட்டாது. எந்த சோப்பானாலும் அந்த நீர் ஓடையில் கலக்கக்கூடாது. நாள் முழுக்க நடந்து வேர்த்து வந்த உடம்பில் அந்த வெந்நீர் விழும்போது கிடைக்கும் சுகத்தை, யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்ற பயமில்லாமல் அனுபவிக்க முடியவேண்டும். அதற்கு அந்த நாலு துணிச்சுவர் வேண்டும்.

ராத்திரி விஷயம் ஒன்று உண்டு. ஆண்கள் பலருக்கு இது தோன்றுவதில்லை. கூடாரத்துக்குள் நெற்றி விளக்கை எரியவிட்டால் உள்ளே இருப்பவரின் நிழல் துணியில் அப்படியே விழும். வெளியே இருப்பவர்களுக்கு அது திரையில் தெரிகிற படம். துணி வெளிர் நிறமாக இருந்தால் நிழல் இன்னும் துல்லியம். அடர்ந்த நிறத் துணியைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. விளக்கைத் தரையோடு தரையாக, குழியைப் பார்த்து வைப்பது இன்னொரு வழி. போகும் பாதையில் ஒரு விளக்கு தனியாக எரியவேண்டும், இருட்டுக்குப் பயந்து யாரும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

இந்தக் கஷ்டத்தை நான் முதலில் பார்த்தது மலையில் இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களோடு நடந்தபோது பார்த்தேன். வழி நெடுக அன்னதானம் நடக்கும். மோர், பானகம், சுக்குக் காப்பி எல்லாம் கையில் திணிப்பார்கள். காலுக்குத் தைலம் தடவி விடுவதற்குக்கூட ஆள் இருப்பார்கள். என்னோடு நடந்த அக்கா ஒருவர் மோர் டம்ளரை வாங்காமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். "ஏன்க்கா, இந்த வெயில்ல ஒரு வாய் குடிக்கக்கூடாதா?" என்றேன். "குடிச்சா எங்கத்தா ஒதுங்குறது?" என்றார். வயதில் மூத்தவர், வருஷம் தவறாமல் நடப்பவர். இருட்டுவதற்கு முன் போவதில்லை, விடிந்த பிறகும் போவதில்லை என்பது அவருடைய ஏற்பாடு. ஆற்றங்கரையில் நாலு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒருத்தி துணி மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சேலைதான் இந்தக் கூடாரத்துக்கு மூத்தது. நாலு பேர் கை வலிக்கப் பிடித்ததைக் கம்பியும் முளையும் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். மோர்ப்பந்தல் போடும் அன்பு நம்மிடம் குறையாமல் இருக்கிறது. பந்தலுக்குப் பின்னால் கீற்றுத் தட்டியோ படுதாவோ கட்டி ஓர் அடைப்பு போடும் யோசனைதான் இன்னும் எல்லா ஊரிலும் வரவில்லை.

விரும்பிப் போகும் முகாமிலேயே இப்படியென்றால், வெள்ளத்திலும் சுனாமியிலும் போரிலும் வீடிழந்து முகாமில் தள்ளப்பட்டவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். இத்தகைய முகாம்களுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு தெளிவாக அளவு சொல்கிறது. பொதுக் கழிப்பறை 20 பேருக்கு ஒன்று. தங்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள். பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. உள்பக்கம் தாழ்ப்பாள், இரவில் வெளிச்சம், மாதவிலக்குத் துணியை மாற்றவும் அப்புறப்படுத்தவும் வசதி. இந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனையோ பெண்கள் இருட்டில் பட்ட அவஸ்தையும் ஆபத்தும் இருக்கின்றன. பெண்களுக்கு மட்டுமான வசதி என்றும் இதை நினைக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள், குழந்தைகள், முட்டி மடக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும். குழிக்கு மேல் வைக்கும் மடக்கு நாற்காலி ஒன்று இருந்தால் முட்டி வலிக்காரர்களும் முகாமுக்கு வந்துவிடலாம்.

மறைப்பு மனிதருக்குக் கண்ணியம் தருகிறது. மலைக்கு நாம் செய்யவேண்டியது தனியாக இருக்கிறது. சமவெளி மண்ணில் 15, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். பனி மலையில் அவை வேலை செய்வதில்லை, புதைத்தது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். எவரெஸ்ட் பகுதியின் உள்ளாட்சி 2024ல், ஏறுகிறவர்கள் தங்கள் கழிவைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்று விதி போட்டது. நாப்கினையும் ஈரத்துடைப்பானையும் எந்த மலையிலும் குழிக்குள் போடக்கூடாது, அவை மக்காது. கறுப்பு நிற ஜிப் பை ஒன்றைக் கூடாரத்துக்குள்ளேயே மாட்டிவைத்தால் யாரிடமும் கேட்காமல் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. பாதயாத்திரைக் குழுவின் சாமான் வண்டியில் அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு மடக்குக் கூடாரங்களுக்கு இடம் இருக்கிறது. பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போகும் பள்ளிகளும், சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் குடும்பங்களும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். முகாமுக்கு இடம் பார்க்கப் போகிறவர்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் தண்ணீர் எங்கே என்று பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு, இந்தச் சின்னக் கூடாரத்துக்கு இடம் காட்டட்டும். அது நின்ற பிறகு அடுப்பை எங்கே மூட்டுவது என்று மற்றவர்கள் யோசிக்கலாம்.