ஒரு பழைய கேமும் ஒரு மஞ்சள் மாத்திரையும்

1/ ராத்திரி கிளினிக் மூடினதுக்கு அப்புறம் நான் பழைய கம்ப்யூட்டர் கேம் விளையாடுவேன். சிரிக்காதீங்க. என்னை மாசக்கணக்குல படுத்தி எடுத்த ஒரு கேம் பத்திதான் இந்தத் திரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்டா, கடைசியில வரேன்.

2/ பேரு 'விசார்ட்ரி 4: தி ரிட்டர்ன் ஆஃப் வெர்ட்னா'. 1987ல வந்தது. 1981ல வந்த முதல் விசார்ட்ரியில, வீரர்களைக் கூட்டிக்கிட்டுப் பத்துத் தளம் கீழ இறங்கி வெர்ட்னாங்கிற மந்திரவாதியைக் கொல்லணும். நாலாவதுல நாமதான் அந்த வெர்ட்னா! அடித்தளத்துல இருந்து மேல ஏறித் தப்பிக்கணும். ராவணன் பக்கம் நின்னு கதை சொல்ற மாதிரி. அருமையான யோசனை.

3/ ஆனா ஆரம்பமே ஒரு சின்ன அறை. சுத்தி சுவர். கதவு கிடையாது. துணைக்குச் சில பூதங்களைக் கூப்பிடலாம். அதுல பூசாரிகளைப் பார்த்துக் கூப்பிட்டு, அவங்க வெளிச்ச மந்திரம் போட்டாத்தான் மறைஞ்சிருக்கிற கதவு தெரியும். எனக்கு அது தோணவே இல்ல. நாலு ராத்திரி சுவத்துல முட்டிக்கிட்டு இருந்தேன்.

4/ சரி, வெளிய வந்தாச்சு. கஷ்டப்பட்டு எதிரிகளை எல்லாம் முடிச்சுட்டு சேவ் பண்ணினா, அந்தத் தளத்துல செத்தவங்க அத்தனை பேரும் எழுந்து வந்துடுவாங்க. பாதுகாப்புக்குன்னு இருக்கிற பட்டனே நமக்கு எமன்.

5/ இதுக்கு மேல ட்ரெபோர்னு ஒரு ராஜாவோட ஆவி. நாம தட்டுற ஒவ்வொரு கீயும் கணக்கு. நின்னு நிதானமாத் தேடித் தேடிப் பார்த்தா, அது கிட்ட வந்துக்கிட்டே இருக்கும். பிடிச்சா ஆட்டம் காலி. தெரியாதவன் தடுமாறத்தான் செய்வான். அந்தத் தடுமாற்றத்துக்கே தண்டனை!

6/ கேக்குறவங்களுக்கு ரெடியா ஒரு பதில் இருக்கு: "இது கைதேர்ந்தவங்களுக்கான கேம்." உண்மைதான், முந்தின பாகங்களைக் கரைச்சுக் குடிச்சவங்களை மனசுல வெச்சுத்தான் இதைப் பண்ணினாங்க. ஆனா கஷ்டம் வேற, அநியாயம் வேற. தோத்தப்ப எங்க தப்பு பண்ணினோம்னு புரிஞ்சா அது கஷ்டம். புரியவே இல்லன்னா அநியாயம்.

7/ இப்ப என் கதை. திட்டக்குடி பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு அம்மா. முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. கூடவே ஃபோலிக் ஆசிட். ரெண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. சீட்டுல இங்கிலீஷ்ல 'வாரம் ஒருமுறை'ன்னு தெளிவாத்தான் எழுதியிருந்தேன்.

8/ கொஞ்ச நாள்ல வாயெல்லாம் புண்ணோட வந்தாங்க. தண்ணிகூட முழுங்க முடியல. ரத்தத்துல வெள்ளை அணுக்கள் சரிஞ்சு கிடந்தது. தினமும் போட்டிருக்காங்க. "சீட்டுல எழுதியிருக்கேனேம்மா"ன்னு சத்தம் போட்டேன். "எல்லா மாத்திரையும் தெனமும்தானே சாமி போடறது?"ன்னாங்க.

9/ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி கேமைத் திறக்க மனசு வரல. கதவு இல்லாத அறையைக் கட்டினவன் நான். சீட்டை எழுதினது இன்னொரு டாக்டர் படிக்கிற மாதிரி. தடுமாறினவங்களைத்தான் திட்டியிருக்கேன். கேம்ல செத்தா மறுபடி ஆரம்பிக்கலாம். அந்த அம்மாவுக்கு அது கிடையாது.

10/ இப்போ வாரம் ஒருமுறைன்னு எழுதுறதே இல்ல. கிழமை சொல்லித் தமிழ்ல எழுதுறேன். எழுதினதை அவங்க வாயாலயே திருப்பிச் சொல்ல வைக்கிறேன். திங்கட்கிழமை தவறாம வைத்தியநாதசுவாமி கோயிலுக்குப் போற ஒரு பாட்டிகிட்ட, "கோயிலுக்குப் போயிட்டு வர்ற நாள்ல மட்டும் மஞ்சள் மாத்திரை"ன்னு சொன்னேன். இதுவரை தப்பினதில்ல. எல்லாப் புகழும் பெரிய வைத்தியருக்கே!

11/ உங்க வீட்டுல யாராவது மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டா, இன்னைக்கே கேளுங்க: எந்தக் கிழமை போடறீங்க? "தினமும்"னு பதில் வந்தா அடுத்த மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க. அவங்களைத் திட்டாதீங்க. சீட்டை எழுதினவர்கிட்ட கேளுங்க.

12/ கேமா? இன்னும் முடிக்கல. ட்ரெபோர் காத்துக்கிட்டு இருக்கார்.