பூட்டு போட்டியே, சாவி எங்கே?

அக்காள் மகன் போன மாதம் சுங்கை பட்டாணியிலிருந்து வந்தான். பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதற்கு டிஃப் லாக் போட வேண்டுமாம். "எந்த லாக்கர் நல்லது மாமா?" என்றான். நான் பேசாமல் அவனைக் கோழிக்கூண்டுப் பக்கம் கூட்டிப்போய், கதவுக்குத் தாழ்ப்பாளாகச் செருகியிருக்கும் இரும்புத் தண்டைக் காட்டினேன். அதன் ஒரு முனை கரும்பைப் பிழிந்து போட்டதுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

1998ஆம் ஆண்டுக் கதை அது. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிட்டராக இருந்தேன். தோட்டத்தில் கழித்துவிட்ட 1974 மாடல் சீரீஸ் 3, குட்டை வண்டி, என் கைக்கு வந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் நம் நாட்டில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி தொடங்கியிருந்தது. மழைக்காலத்துக் காட்டில், சேற்றில் கழுத்துவரை முங்கிக் கிடக்கும் வண்டிகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு வரக்கூடிய ஆசையா அது? வந்தது.

டிஃபரன்ஷியல் என்பது நம் ஊர் வயற்காரருக்குச் சொன்னால் உடனே புரியும். போரடிக்கும் களத்தில் உள்மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றும். வெளிமாடு வட்டம் முழுக்க நடக்கும். வளைவில் வண்டியின் இரண்டு சக்கரமும் அப்படித்தான். அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்தப் பல்சக்கரக் கூட்டம். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றது சும்மா இருக்கும். லாக்கர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

ஏர் லாக்கருக்குக் கம்ப்ரஸர் வேண்டும், குழாய் வேண்டும், சுவிட்ச் வேண்டும். விலையும் கடிக்கும். ஆட்டோ லாக்கர் பின் டிஃபரன்ஷியலுக்குள்ளேயே அடங்கிவிடும். வளைவில் தானாக விட்டுக்கொடுக்கும், நேரில் தானாகப் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் இல்லாதது எனக்குப் பெரிய சௌகரியமாகத் தெரிந்தது; அதையே போட்டேன். வேண்டாத நேரத்தில் நிறுத்த முடியாது என்பதுதான் அதன் மறுபெயர் என்று அப்போது தோன்றவில்லை. கடைத்தெரு முனையில் திரும்பும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். மழை நாளில் தார்ச்சாலையில் பின்பக்கம் லேசாக அலையும். "யாரோ கீழே உக்காந்து தட்டுற மாதிரி இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு வண்டி பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மழை. செம்பனைக் காட்டுச் சரிவில், சிவப்பு மண் சோப்புக்கட்டியாக இருந்தது. வலது சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. முன்பெல்லாம் சக்கரம் வீணாகச் சுழலும். நானும் இறங்கிப் பாராங் கத்தியால் நாலு மட்டையை வெட்டி அடியில் போட்டு ஏற்றுவேன். அன்று இறங்கவில்லை. லாக்கர் எதற்கு இருக்கிறது? மிதித்தேன். இடது சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு நகராமல் நிற்க, இரண்டு பக்கமும் பகிர வேண்டிய முறுக்கு முழுதும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் ஒற்றை சாஃப்ட்டில் போய் இறங்கியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டியைக் குறை சொல்லமாட்டேன். பகிர்ந்து சுமக்கச் செய்த தண்டின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றியது என் கால்.

குலை ஏற்றிய டிராக்டரோடு அந்த வழியாக வந்தார் ஒரு பெரியவர். ரப்பர் காலத்தில் பால் லோரி ஓட்டியவர். குனிந்து பார்த்தார். "என்ன தம்பி, பூட்டு போட்டியே, சாவி எங்கே?" என்றார். மழையிலும் எனக்கு முகம் சுட்டது.

அதற்குமேல் அவர் கேலி செய்யவில்லை. என் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இடது சக்கரத்து நடுவில் இருந்த ஆறு போல்ட்டைக் கழற்றி உடைந்த சாஃப்ட்டை உருவினார். லேண்ட்ரோவரில் சாஃப்ட் போனாலும் சக்கரம் கழன்றுவிடாது. எண்ணெய் வழியாமல் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டினார். பிறகு அவரே மட்டை வெட்டிப் போட்டார். முன் சக்கரங்களும் பின்னால் மிச்சமிருந்த ஒன்றும் இழுக்க, லோ கியரில் ஊர்ந்து வீடு வந்தேன். வேடிக்கை என்னவென்றால், சாஃப்ட்டை உடைத்த அந்த லாக்கர்தான் பின்னால் மிச்சமிருந்த சக்கரத்தையும் இழுக்க வைத்தது. பழைய டிஃபரன்ஷியலாக இருந்தால் பின்பக்கம் முழுதும் செத்திருக்கும்.

மறுநாள் பட்டறையில் எல்லாரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பெரியவர் முந்திக்கொண்டு, "பழைய இரும்புதானே, நாளாயிருச்சு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். கடைசிவரை அவர் வாயிலிருந்து என் மிதி பற்றி ஒரு சொல் வரவில்லை. என் கையின் கீழ் வேலை பழக வந்த பையன்கள் எதையாவது உடைத்தபோதெல்லாம் அந்த வெற்றிலை மடிப்புதான் எனக்கு ஞாபகம் வரும்.

மருமகனிடம் இவ்வளவும் சொல்லி முடிக்கையில் காப்பி ஆறிவிட்டது. ஆட்டோ லாக்கரை நான் பழிக்கவில்லை. சேற்றிலேயே கிடக்கும் வண்டிக்கு அது போதும். ஆனால் அவன் வண்டி வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓடுவது. முதலில் நல்ல சேற்று டயர் போடு, சரிவில் 28 பவுண்டு காற்றை 18க்கு இறக்கிப் பார் என்றேன். பிறகு பத்துப் பல் கொண்ட அந்தப் பழைய சாஃப்ட்டுகளைக் கழற்றிவிட்டுக் கெட்டியானது இரண்டு வாங்கு. அதற்குப் பின்னும் போதவில்லை என்றால் பின்பக்கம் மட்டும் ஏர் லாக்கர். நின்று போட்டு, ஊர்ந்து ஏறி, கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டியது.

"உங்க வண்டியில இப்ப என்ன இருக்கு மாமா?" என்றான். பழைய டிஃபரன்ஷியலும் சீட்டுக்கடியில் ஒரு பாராங்கும் என்றேன். சிரித்தான். புது சாஃப்ட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறான்; இன்னும் வந்து சேரவில்லை. அவன் வண்டி என் வாசலில்தான் நிற்கிறது.