கேட்காமலே இருந்துவிட்டேன்

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொண்டிருந்த வாரங்களில், அவருடைய பேரனை அவர் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தேன். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. அவர் திண்ணையில், நாங்கள் உள்ளே.

அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். தாத்தா முத்துக் குளித்தவர். அரசு கடைசியாக இங்கே முத்துக்குளிக்க விட்டது 1961-இல். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 2020-இல் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்வீச்சுக் கருவி வந்திருந்ததால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் மதுரைக்கோ அடையாறுக்கோ ஓட வேண்டியிருக்கவில்லை. வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், 35 முறை. வெந்நீரில் இளகவைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்தார்கள்; இறுகியதும் அதுதான் அவருக்கான மாஸ்க். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. "பத்துப் பாகம் ஆழத்துல கெடந்தவனுக்கு இது என்னல" என்றார்.

பயந்தவன் நான்தான். எங்கள் கரையில் கதிர்வீச்சு என்றால் கூடங்குளம் அணு உலைதான். 2012-இல் அதற்கு எதிரான போராட்டத்தின்போது மணப்பாட்டில் போலீஸ் சுட்டு மீனவர் ஒருவர் இறந்தார். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அப்பாவின் சிகிச்சைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரிடமாவது விசாரித்திருக்க வேண்டும். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து குடித்த சொந்தக்காரப் பெண்ணைச் சில நாள் குழந்தைகளிடமிருந்து விலகியிருக்கச் சொன்னது எனக்குத் தெரியும். அதையே அப்பாவுக்கும் விதியாக்கினேன். அயோடின் உடம்புக்குள் போய் அங்கிருந்து கதிர் வீசுகிற மருந்து. அப்பாவுக்குக் கொடுத்தது வெளியிலிருந்து. எலக்ட்ரான்களை விரட்டி உலோகத்தில் மோதவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கிறது அந்தக் கருவி. அணைத்துவிட்டால் கதிர் நின்றுபோகும், ஆளின் உடம்பில் எதுவும் தங்காது. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது அப்பா கேட்டதற்கு, "டாக்டர்தான் பிள்ளைய விடக் கூடாதுன்னாரு" என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகிவிட்டன. எச்சில் விழுங்கவே துடித்தார். உப்பும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், கஞ்சியோ பாலோ முட்டையோ எப்படியாவது உள்ளே போக வேண்டும், எடை இறங்கவே கூடாது என்று படித்துப்படித்துச் சொல்லியிருந்தார்கள். பேரனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டுப் பழகியவர் அப்பா. அவனைத்தான் நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தேன். "ஏல, பிள்ளை எங்க?" என்பார். பதில் சொல்வதற்குள் கஞ்சியை மூடிவைத்துவிடுவார்.

கன்னம் ஒட்டிப்போய் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிட்டது. இனி அதைப் போட்டால் கதிர் இடம் மாறி விழும். மறுபடி ஸ்கேன், புது மாஸ்க், புதுக் கணக்கு. அதுவரை கரண்டு நின்றது. தலை, கழுத்துப் புற்றுநோயில் இப்படி இடையில் விடுபடும் ஒவ்வொரு நாளும் மிச்சமிருக்கும் செல்கள் பெருகுவதற்கு நாம் கொடுக்கும் நாள். மருத்துவர்கள் ஒரு நாளைக்கூட விட வேண்டாம் என்று மன்றாடுவது அதனால்தான்.

புது மாஸ்க் செய்த அன்று, வீட்டில் யார் கூட இருந்து சாப்பிட வைக்கிறீர்கள் என்று டெக்னீஷியன் பெண் கேட்டார். தனித்தட்டு விவரத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இங்கிருந்து போனதுமே பேரனைத் தூக்கி மடியில வச்சுக்கலாம் சார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். தினமும் அவர் மேசைக்கு எதிரேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் மகனை அனுப்பினேன். அப்பா அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். "டாக்டர் நல்ல மனுசன்ல, பிள்ளைய விட்டுட்டாரு பாத்தியா" என்றார். தடுத்தவன் நான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

35 முறையும் முடித்தார். ஒன்றரை வருடம் இருந்தார். நோய் அதே இடத்தில் திரும்பி வந்துதான் போனார். கரண்டு நின்ற அந்த நாட்களால்தான் அது திரும்பி வந்ததா என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.