வளையமும் கணக்கும்

தொழில்முனைவோர் பயிற்சி வகுப்புகளில் கம்பத்தை நோக்கி வளையம் எறியும் விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்டின் ஆய்வுவழி வந்தது. 1964-ல் காக்கிநாடாவின் வணிகர்களுக்கும் தொழில் நடத்துவோருக்கும் பயிற்சி அளித்துச் சோதித்துப் பார்த்தவர் அவர். ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனம் அதில் துணை நின்றது.

எவ்வளவு தள்ளி நின்று எறிவது என்பது எறிபவர் விருப்பம். கம்பத்தை ஒட்டி நிற்பவர் தோற்க அஞ்சுகிறார். வெகுதூரம் போகிறவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறார். தன் கைக்கு எட்டுமா என்று அளந்து நடுவில் நிற்பவரே தொழிலுக்கு ஏற்றவர் என்பது மெக்கிளெலண்டின் கணிப்பு. பயிற்சியாளர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு வளையம் தவறிய பிறகு அந்த ஆள் இடத்தை மாற்றுகிறாரா? முதலில் நின்ற இடத்தைவிட இதுதான் அதிகம் சொல்லும்.

ஆனாலும் விளையாட்டு பாதிதான். மீதி, மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசும்போது தெரியும்.

மசாலாப்பொடி தயாரிக்க வருபவரிடம் "யார் வாங்குவார்கள்?" என்று கேட்டால், "எல்லாரும் வாங்குவாங்க சார்" என்பார். அந்தப் பதில் போதாது. "நாலு கடைல சாம்பிள் கொடுத்தேன், ஒரு கடைக்காரர் திரும்பக் கேட்டார்" என்பவர் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டார். அந்த ஒரு கடைக்காரர் பத்துப் பக்கத் திட்ட அறிக்கையைவிடப் பெரிய சான்று.

அடுத்தது நடைமுறை மூலதனம். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. அரவை இயந்திரத்தின் விலையைக் காசு சுத்தமாகச் சொல்வார்கள். மிளகாயும் மல்லியும் ரொக்கத்துக்கு வாங்கி, பொடியைக் கடைக்கு 30 நாள் கடனில் கொடுத்தால் என்ன ஆகும்? தினம் 3,000 ரூபாய் மூலப்பொருள் என்றால் 90,000 ரூபாய் வெளியே நிற்கும். முதல் மாதம் அந்தப் பணத்தை யார் போடுவது? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் உண்டுதான். ஆனால் அது மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழிக்கப்படும். மிளகாய் வாங்க அது உதவாது.

இங்கே தடுமாறுபவரை நிராகரித்து அனுப்புவது தவறு. கடன் விண்ணப்பத்தைச் சற்றுத் தள்ளிவைத்தால் போதும். மில்லில் கூலிக்கு அரைத்த பத்துக் கிலோ பொடியைக் கடைகளில் கடனுக்குப் போட்டு, பணத்தை அவர் வசூலித்துப் பார்க்கட்டும். இயந்திரத்துக்கு விலைப்பட்டியல் கேட்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.