உப்பு அரிக்கும் வாசல்... டொரன்டோ வீடுகளின் குளிர்காலக் கணக்கு!

கனடாவின் டொரன்டோ மாநகரில் கிழக்கே ஸ்கார்பரோ, அதற்கு வடக்கே மார்க்கம். இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதிகள் இவை. மார்க்கத்தில் ஒரு தெருவுக்கே 'வன்னி அவென்யூ' என்று பெயர். ஏப்ரலில் பனி உருகியதும் இந்தப் பக்கத் தெருக்களில் நடந்தால், தங்கள் வீட்டு வாசலையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களைக் காணலாம். குளிர்காலம் எவ்வளவு சேதம் செய்திருக்கிறது என்ற கணக்கெடுப்பு அது.

வாசல் என்றால் கோலம் போடும் வாசல் அல்ல. தெருவிலிருந்து கார் ஷெட் வரை நீளும் 'டிரைவ்வே'. வீட்டின் பின்புறம் கோடையில் நாற்காலி போட்டு உட்காரும் தளத்துக்குப் பெயர் 'பேட்டியோ'. சில வீடுகளில் இவை தார், சிலவற்றில் கல் பதித்தவை, மற்றவற்றில் கான்கிரீட். கான்கிரீட்டைச் சரியாகப் போட்டால் 25 வருடம் தாராளமாக உழைக்கும். தவறாகப் போட்டாலோ, முதல் குளிர்காலத்திலேயே மேல்தோல் பக்கு பக்காக உரிந்து உள்ளிருக்கும் ஜல்லி தெரிய ஆரம்பித்துவிடும்.

வில்லன் குளிர் அல்ல!

கான்கிரீட்டைக் கெடுப்பது குளிர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கெடுப்பது தண்ணீர். கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்த தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிகிறது. இடமில்லாமல் சுவரைத் தள்ளுகிறது. உருகியதும் மறுபடி தண்ணீர் ஏறுகிறது, மறுபடி உறைகிறது.

இந்த விஷயத்தில் டொரன்டோவுக்கு ஒரு தனிச் சிக்கல். வின்னிப்பெக் போன்ற ஊர்களில் கடுங்குளிர் வந்தால் உறைந்தது உறைந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும். ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் டொரன்டோவிலோ பகலில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டும். இரவில் மைனஸுக்கு இறங்கும். ஒரே குளிர்காலத்தில் இப்படிப் பல முறை உறைந்து உருகுவதால், மிதமான குளிரே கான்கிரீட்டுக்குப் பெரிய எதிரியாகிறது.

கொழுப்பு காட்டிய வழி

இதற்கான மருந்து கிடைத்தது தற்செயலாக! 1930-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சாலைகளில் சில பகுதிகள் மட்டும் பனிக்கு அசராமல் நின்றன. காரணத்தைத் தேடியபோது, அந்த சிமென்ட்டை அரைக்கையில் விலங்குக் கொழுப்பு போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவை கலவைக்குள் கண்ணுக்கே தெரியாத காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தன. உறையும் தண்ணீர் விரிவதற்கு அந்தக் குமிழிகள் இடம் கொடுத்தன.

இன்று அதற்கென்றே ரசாயனம் சேர்க்கிறார்கள். கனடாவில் உப்பு படும் வெளித் தளங்களுக்கான கலவையில் 5 முதல் 8 சதவிகிதம் காற்று இருக்க வேண்டும் என்பது விதி. பலம் 32 மெகாபாஸ்கல். நம் ஊர் வீட்டுக் கூரைக்குப் பரவலாகப் போடும் எம்-20 கான்கிரீட்டின் பலம் 20 தான்.

போடும்போதே பாதி வேலை

கான்கிரீட்டுக்குக் கீழே அரை அடிக்காவது உடைத்த கல்லைப் பரப்பி நன்றாக இறுக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் அது உறைந்து தளத்தையே மேலே தூக்கிவிடும். தளத்தின் கனம் குறைந்தது 4 அங்குலம். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், அதுவும் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு. விரிசல் வந்தால் அந்தக் கோட்டிலேயே வரட்டும் என்பதற்காக!

இங்கே வீட்டு அஸ்திவாரம் உறைமண்ணுக்குக் கீழே, சுமார் 4 அடி ஆழத்துக்குப் போகிறது. டிரைவ்வே அப்படியல்ல, மண்ணோடு ஏறி இறங்கும். அதனால்தான் இரண்டும் சேரும் இடத்தில் மெத்தென்ற பட்டை ஒன்றை வைக்கிறார்கள்.

கலவை இறுகுகிறதே என்று வாளித் தண்ணீரை ஊற்றுவது எந்த ஊர் வேலையிலும் நடப்பதுதான். குளிர் நாட்டில் அந்த ஒரு வாளி போதும், மேல்தோல் பலவீனமாகிவிடும். கரணையால் பளபளவென்று தேய்ப்பதும் ஆகாது. துடைப்பத்தால் இழுத்த சொரசொரப்பே காலுக்கும் நல்லது, கான்கிரீட்டுக்கும் நல்லது. பிறகு ஒரு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். முழு பலம் வர 28 நாள் ஆகும். உறைபனிக்கு முன்பு ஒரு மாதமாவது உலர அவகாசம் வேண்டும் என்பதால், அக்டோபர் கடைசியில் 'மலிவாகப் போட்டுத் தருகிறேன்' என்று வருபவரிடம் உஷாராக இருப்பது நல்லது.

உப்பா, அம்மாவா?

ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அம்மா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்? அந்தப் பயத்தில்தான் வீட்டுக்கு வீடு உப்பை அள்ளி வீசுகிறார்கள். தளம் உரியத் தொடங்குவதும் அந்த உப்பால்தான். பனியை உருக்கி, உப்புத் தண்ணீரைத் துளைகளுக்குள் இறக்கி, மீண்டும் மீண்டும் உறைய வைக்கிறது அது.

இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது. பனி விழுந்ததும், மிதிபட்டு இறுகுவதற்குள் வாரித் தள்ளிவிட வேண்டும். புதுத் தளம் என்றால் முதல் குளிர்காலத்தில் உப்பே வேண்டாம், மணல் தூவினால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். அடுத்தடுத்த வருடங்களில் முதியவர்கள் நடக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் போடலாம். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது, எவ்வளவு கொட்டினாலும் வீண்தான். அம்மோனியம் கலந்த உருக்கிகள் கான்கிரீட்டையே தின்றுவிடும், பக்கமே போகக் கூடாது. காரின் சக்கர இடுக்கில் ஒட்டி வரும் சாலை உப்புச் சேற்றையும் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும்.

வசந்தம் வந்ததும் தளத்தைக் கழுவி, விரிசல்களை அடைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை உள்ளே ஊறும் வகை 'சீலர்' பூசினால் தண்ணீர் ஏறுவது குறையும்.

புதிதாகப் போடப் போகிறவர்கள் ஒப்பந்தக்காரரிடம் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். கலவையின் பலம் என்ன? காற்று எத்தனை சதவிகிதம்? என்றைக்குப் போடுகிறீர்கள்? கலவை லாரி வரும் நாளில் ரசீதை வாங்கி, அவர் சொன்ன கலவைதான் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டச் சொல்லலாம்.