கிளிமீனும் வாப்பாவும்

முருகைக்கற்பாறையில் வாழும் கிளிமீனைப் பற்றிக் கற்றதிலிருந்து மீன்சந்தை எனக்கு வேறாகத் தெரிகிறது. கிளியின் அலகு போன்ற வாயால் இம்மீன் கல்லைச் சுரண்டிப் பாசியை உண்கிறது. தொண்டைப் பற்கள் அரைத்த கல் வெண்மணலாய் வெளியேறுகிறது. பெரிய மீனொன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். பாசி நீங்கிய இடத்திலேதான் முருகைக் குடம்பிகள் ஒட்டி வளரும்.

1998இல் கடல் சூடேறி, நம் நாட்டின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. அவை மீண்டும் தழைக்க இம்மீன் வேண்டும்.

என் வாப்பா மீன் வியாபாரி. அந்த வருமானத்தில்தான் நான் உயர்தரம் படிக்கிறேன். "கிளிமீன் விற்காதீங்க வாப்பா" என்று எப்படிச் சொல்வேன்? கற்றதை மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சின்னக் கிளிமீன் இனி எடுக்க மாட்டன் எண்டு தோணிக்காரரிட்ட சொல்றன் மகள்" என்றார்.

கடலுக்கு அது சிறு உதவி. அதன் நட்டம் வாப்பாவுடையது.